கீமோ மாத்திரை வீடு வந்த வரலாறு

மருந்து நம் வீடுகளுக்குப் புதிய விருந்தாளி அன்று. அஞ்சறைப் பெட்டியில் ஓமமும் சுக்கும் இருந்த காலத்திலேயே, சித்த வைத்தியர் கொடுத்த பஸ்மமும் செந்தூரமும் மாடத்தில் பொட்டலமாக மடிந்து இருந்தன. அவற்றுள் சிலவற்றின் மூலப்பொருள் பாஷாணம் என்பதை அறிந்திருந்த பாட்டிமார்கள், இன்ன அனுபானத்தில், இத்தனை நாள், இன்ன பத்தியத்தோடு என்ற நியமத்தை அணுவளவும் பிசகாமல் காத்தார்கள். அந்தப் பொட்டலத்தைத் தொட்ட குழந்தையின் கையில் அடியும் விழுந்தது. இன்று புற்றுநோய்க்கான மாத்திரை அதே வீட்டில், ரத்த அழுத்த மாத்திரைக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவே, ஒரே டப்பாவில் கிடக்கிறது. பாஷாணத்துக்கு இருந்த மரியாதை அதற்குக் கிடைப்பதில்லை என்பதே என் குறை. அந்த மரியாதைக்கு அது எவ்வளவு உரியது என்பதை அதன் பூர்வ சரித்திரம் சொல்லும்.

அச்சரித்திரமும் பாஷாணத்திலிருந்தே தொடங்குவது விசித்திரம். இங்கிலாந்தில் தாமஸ் ஃபௌலர் என்ற வைத்தியர் 1786-இல் முறைஜுரத்துக்கென்று வெளியிட்ட பாஷாணக் (ஆர்சனிக்) கரைசலை, 1865-இல் லிஸ்ஸவர் என்ற ஜெர்மன் வைத்தியர் ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்மணிக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் சிறிது காலம் தணிந்தது. அது முதல் அந்நோயாளிகள் துளிகளை எண்ணித் தண்ணீரில் கலந்து குடித்தும், படிப்படியாகத் துளிகளைக் கூட்டியும், நஞ்சின் குறி தோன்றியதும் குறைத்தும் நாட்களைக் கழித்தார்கள். புற்றுநோய்க்கு வாயால் உட்கொண்ட ரசாயன மருந்துகளின் வரிசையில் இதற்கே மூத்த ஸ்தானம் என்று சொல்லலாம்.

நம் காலத்து மாத்திரையின் பிறப்போ வேறு வழியில் நேர்ந்தது. அவ்வழி சென்னை வழியாகவும் போகிறது. பீமவரத்தில் 1895-இல் பிறந்த யெல்லப்ரகட சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறி, மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் சொல்லை ஏற்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியோடு போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அவருடைய சகோதரர் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. தாமும் அந்நோயில் விழுந்து ஓர் ஆயுர்வேத வைத்தியரின் சிகிச்சையால் எழுந்தார். பிறகு பாஸ்டன் சென்று ஹார்வர்டில் உழைத்து, 1940-இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே 1945-இல் அவர் குழுவினர் செயற்கையாக உண்டாக்கிய ஃபோலிக் அமிலம், ஸ்புரூவைத் தீர்க்கவல்ல பொருள்களில் ஒன்று என்பது விதியின் கைங்கரியம். அந்த அமிலத்தின் தடயத்தை முதலில் கண்டவரும் நம் தேசத்தில் வேலை செய்தவரே: 1928-இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது, ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு ஆற்றுவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார்.

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருளைக் கொடுத்தபோது நோய் தணியாமல் பெருகியது. வளர்க்கும் பொருள் இதுவானால், அதன் போலி நோயைப் பட்டினி போடாதா என்று அவர் எண்ணினார். சுப்பாராவின் கூடம் அமினோப்டெரின் என்ற அந்தப் போலியைச் செய்து கொடுத்தது. நெல்மணி என்று நம்பிப் பதரை வாங்கிச் சேர்த்த குடியானவன் களஞ்சியம் நிறைந்திருக்கப் பட்டினி கிடப்பதுபோல, அமிலமென்று மயங்கி அமினோப்டெரினை ஏற்ற புற்றணு பெருக வழியின்றி மாய்கிறது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளுள் 10 பேருக்குக் குணம் தெரிந்ததென்று கண்டது; அக்குணம் சில மாதங்களே நின்றது என்பதையும் மறைக்கலாகாது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் தம்பியாக அதே கூடத்தில் பிறந்ததே மெத்தோட்ரெக்ஸேட்.

ஃபார்பர் கொடுத்தது ஊசி. ஊசிக்கு ஆஸ்பத்திரி வேண்டும், வைத்தியர் வேண்டும், தாதி வேண்டும். மாத்திரைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும் என்பதே அதன் பெருமையும் அபாயமும். 1953-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற மெர்காப்டோபியூரின், கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ஆக்கிய வாய்வழி மருந்து. அதே காலத்தில் இங்கிலாந்தில் பஸல்பான் என்ற புற்றுநோய் மருந்தும் மாத்திரையாக வந்தது. மெர்காப்டோபியூரின் உடலில் சீக்கிரம் அழிந்துவிடுகிறதே என்று, அதை அழிக்கும் நொதியைத் தடுக்க எலியனின் கூட்டத்தார் பரீட்சித்த பொருளே அல்லோபியூரினால். வந்த காரியம் ஒன்றாயிருக்க, அது கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட் நோய்க்குப் பிரசித்த மருந்தாகிவிட்டது. ஆகவே, கீமோ மாத்திரை உண்ணும் வீட்டில் பெரியவர் ஒருவருக்கென்று வாங்கிய இந்தக் கவுட் மாத்திரையை நோயாளி எடுத்துப் போட்டுக்கொண்டால், மெர்காப்டோபியூரின் பன்மடங்கு பலங்கொண்டு எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். இரண்டும் வேண்டியிருந்தால் மருத்துவர் மெர்காப்டோபியூரினின் அளவை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைப்பார். அதனால்தான் தலைவலிக்குத் தின்பது முதல் லேகியம் வரை அனைத்தையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

1962-இல் மெம்பிஸ் நகரில் திறந்த செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் டொனால்டு பிங்கெல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேரைப் பிழைக்க வைக்கலாமென்று காட்டினார். அந்த வழியில், ஆஸ்பத்திரிச் சிகிச்சை முடிந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டிலேயே மாத்திரை உண்ணும் முறை நிலைத்தது: மெர்காப்டோபியூரின் தினந்தோறும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறை. இந்த ‘வாரத்துக்கு ஒரு முறை’ என்ற சொற்றொடரில்தான் எத்தனையோ உயிர்கள் தவறியிருக்கின்றன! பின்னாளில் மூட்டுவாதத்துக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வழங்கலாயிற்று. அங்கும் அதே கதை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கியவர்களுக்கு வாய் புண்ணாகி, வெள்ளையணுக்கள் அற்று, சிலர் மாண்டார்கள். வைத்திய சாஸ்திரம் வாரம் என்றது. வீட்டுப் பழக்கம் நாள் என்று வாசித்தது.

இம்மருந்துகளைக் கையாளுவோருக்கும் இடர் உண்டென்பது தாமதமாகவே விளங்கிற்று. இவற்றைக் கையாண்ட தாதியரின் சிறுநீரில் மரபணுவைக் குலைக்கும் தன்மை காணப்பட்டதாக 1979-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர் ‘லான்செட்’ இதழில் எழுதிய பின்னர், ஆஸ்பத்திரிகளில் கையுறையும் மேலங்கியும் கண்டிப்பாயின. வீட்டிலோ தாய் மாத்திரையைச் சமையலறைக் கரண்டியால் பொடித்துத் தேனில் குழைத்துவிட்டு, அதே கரண்டியால் இளைய மகவுக்குப் பருப்பு மசிக்கிறாள். பொடிப்பதும் உடைப்பதும் மருந்தாளுநர் சொல்லாமல் கூடாது. மாத்திரையை மூடியில் தட்டியோ கையுறை அணிந்தோ எடுக்க வேண்டும். கர்ப்பிணி தொடவே கூடாது. மாத்திரை தன் அட்டையிலேயே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டில் இருக்கட்டும். கழிவறையில் மூடியை மூடி இருமுறை நீர் விடுவதும், நனைந்த துணியைத் தனியே துவைப்பதும் அருவருப்பினால் அல்ல, அறிவினால் செய்வன. ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாக உண்பதும், வாந்தியானால் தானே மறுபடி விழுங்குவதும் தவறு. காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் பாரசெட்டமால் போட்டு விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். வெள்ளையணு குறைந்த உடலில் சிறு காய்ச்சல் என்று ஒன்றில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தின் பயனாக அடையாற்றில் 1954-இல் எழுந்த புற்றுநோய் நிலையம், அந்நாளில் 12 படுக்கைகளோடு தொடங்கியது. சிகிச்சை ஊர் வந்த கதை அது; மாத்திரை ஏழை வீடும் வந்த கதை பின்னாளது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதியான இமாடினிப், நாள்தோறும் உண்ணும் மாத்திரையாலேயே ஒருவகை ரத்தப் புற்றுநோயை ஆண்டுக்கணக்கில் அடக்கிற்று. அதன் புது வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. இந்தியக் கம்பெனிகளின் மலிவான மாத்திரை ஏழைகளுக்கும் எட்டியது இவ்வாறே. எட்டிய பின் நேரும் சங்கடம் வேறு: உடம்பு தேறிவிட்டதென்று தாமே நிறுத்துவோர் பலருக்கு நோய் திரும்புகிறது.

மிஞ்சிய மாத்திரையைச் சாக்கடையிலோ குப்பையிலோ போடாமல் வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்துவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் எழுதித் தந்தால், எந்தக் கிழமை, எத்தனை மாத்திரை என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டு நாட்காட்டியில் அந்தக் கிழமையைச் சுற்றி வட்டமிடுங்கள்.