சமணர் மலை மாணாக்கர்கள்



உங்களைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போனது சிலருக்கு நினைவிருக்கும். தாமரைக் குளத்தில் இறங்கித் திட்டு வாங்கியவர்களுக்குக் கட்டாயம் நினைவிருக்கும். அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

மலைமேல் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் உண்டு. 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சிற்பம் செய்வித்த துறவி தன்னை இன்னாருடைய மாணாக்கர் என்றே சொல்லிக்கொள்கிறார். குணசேனதேவர், அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவர் மாணாக்கர் குணசேனப் பெரியடிகள் என மூன்று தலைமுறை ஒரே கல்வெட்டில் வருகிறது. வாத்தியாராக இருந்தவனுக்கு இதைப் படித்தால் சும்மா இருக்க முடியுமா?

அந்தத் தொடர் அறுந்தால் நூலும் போய்விடும். ஐரோப்பிய மடங்களில் துறவிகள் எழுதிய தோல் ஏடுகள் ஆயிரம் ஆண்டு தாண்டியும் இருக்கின்றன. நம் பனையோலைக்குச் சில நூறு ஆண்டுகள்தான் ஆயுள். எண்ணெய் பூசித் துணியில் கட்டி வைத்தாலும் செல்லும் பூச்சியும் விடாது. ஓலை பொடிவதற்குள் யாராவது எழுத்தாணி பிடித்துப் புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும். அப்படிப் படியெடுத்துக் கொடுப்பதைச் சமணர்கள் சாத்திர தானம் என்று அறமாகவே செய்தார்கள்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைபார்த்த உ.வே.சாமிநாதையரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று சேலம் இராமசாமி முதலியார் கேட்டார். அவர் படித்ததில்லை. பிறகு ஏடு தேடினார். அவர் பயின்ற திருவாவடுதுறை சைவ மடத்திலும் இருந்தது. ஆனால் பல இடங்களில் பொருள் பிடிபடவில்லை. அதை ஊரிலிருந்த சமணர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு அது இன்னமும் வீட்டில் படிக்கிற நூல். 1887-இல் அச்சில் வந்தது.

எங்கள் வீட்டு ஏட்டுக் கட்டை ஆடிப் பதினெட்டில் வைகையில் விட்டதாக அப்பத்தா பெருமையாகச் சொல்லும். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஊர் வீட்டுப் பரணில் அப்படிக் கட்டு ஏதும் கிடந்தால் பிரிக்காதீர்கள், துடைக்காதீர்கள். வைத்தியக் குறிப்போ, வயல் கணக்கோ, எதுவானாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு நானே எழுதிக் கேட்கிறேன்.