நின்று வென்ற ஆர்மீனிய நங்கை

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆர்மீனியர் பெயரைத் தாங்கிய தெருக்கள் உள்ளன. உலகில் முதன்முதலாக வெளிவந்த ஆர்மீனிய மொழி இதழும் 1794ஆம் ஆண்டில் சென்னையிலேதான் அச்சேறியது. வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் தேவாலயமும் அச்சுக்கூடமும் எழுப்பிய சிறுபான்மை இனம் அது. அவ்வினத்தின் தாயகமாகிய ஆர்மீனியா, ஏறத்தாழ 30 இலட்சம் மக்களே வாழும் மலைநாடு. எனினும் சதுரங்க உலகில் அந்நாட்டின் பெயர் பெருநாடுகளின் பெயர்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. அப்பெருமைக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர்களுள் ஒருவர் எலினா தானியேலியன்.

ஆர்மீனியருக்குச் சதுரங்கப் பற்று ஏற்பட்டதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1963ஆம் ஆண்டில் திக்ரான் பெத்ரோசியான் என்னும் ஆர்மீனியர், போத்வின்னிக்கை வென்று உலக வாகையர் ஆனார். சோவியத் ஒன்றியத்தின் பல இனங்களுள் ஒன்றாக அடங்கியிருந்த மக்கள், தம்மவர் ஒருவர் உலகின் உச்சியில் நிற்பதைக் கண்டனர். பிள்ளைகளுக்குத் திக்ரான் என்று பெயரிட்டு மகிழ்ந்த குடும்பங்கள் பல. தலைநகர் எரவானில் எழுந்த சதுரங்க மாளிகையும் பின்னாளில் அவர் பெயரையே பெற்றது. ஒருவரின் வெற்றி ஓர் இனத்தின் பழக்கமாக வேரூன்றியது இவ்வாறுதான்.

எலினா 1978ஆம் ஆண்டில், அன்றைய சோவியத் அசர்பைஜானின் தலைநகராகிய பாக்கு நகரில் பிறந்தார். உலக வாகையர் காஸ்பரோவ் பிறந்ததும் அதே நகரில்தான். ஆர்மீனியரும் அசர்பைஜானியரும் பல தலைமுறையாகக் கலந்து வாழ்ந்த நகரம் அது. 1988ஆம் ஆண்டில் இரு இனத்தாரிடையே பகை மூண்டது. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த வன்முறைக்குப் பின்னர், அந்நகரத்து ஆர்மீனியர் ஏறக்குறைய முழுமையாக அதைவிட்டு நீங்கினர்.

அவர்களின் தாயகமும் அப்போது அமைதியாக இல்லை. 1988 டிசம்பரில் நேர்ந்த நிலநடுக்கம் ஏறத்தாழ 25,000 உயிர்களைக் கவர்ந்திருந்தது. 1991ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற ஆர்மீனியா, போரினாலும் எல்லைகள் அடைபட்டதாலும் எரிபொருளின்றித் தவித்தது. நாளொன்றுக்குச் சில மணி நேரமே மின்சாரம் கிடைத்த கடுங்குளிர்க் காலங்களை எரவான் மக்கள் கடந்தனர். அத்தகைய நாட்டின் கொடியின்கீழ்த்தான் பதின்ம வயதுச் சிறுமியாகிய எலினா, உலக இளையோர் போட்டிகளில் பெண்கள் பிரிவில் வாகை சூடினார். தாய்நாட்டுப் பெண்கள் வாகையர் பட்டத்தையும் பன்முறை வென்றார்.

இளமையிலே புகழ் பெறுவோர் பலர். அப்புகழை முதிர்ச்சியாக்கிக் கொள்வோர் சிலரே. இவ்விடத்தில் சதுரங்கப் பட்டங்களின் இயல்பை அறிதல் நலம். பெண்களுக்கென்றே உள்ள பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 தரப்புள்ளிகள் போதும். ஆண், பெண் வேறுபாடற்ற கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கோ 2500 புள்ளிகள் வேண்டும். அத்துடன் வலிமை மிக்க போட்டிகளில் மூன்று முறை குறித்த அளவு சாதித்தும் காட்ட வேண்டும். முன்னதை எலினா 1990களிலேயே பெற்றுவிட்டார். பெண்கள் பிரிவில் பெயர் பெற அதுவே போதுமானது. அங்கேயே அமைந்துவிட்டோரும் உளர். அவர் அவ்வாறு அமையவில்லை. சியார்சிய நாட்டு நோனா கப்ரிந்தாஷ்விலி 1978ஆம் ஆண்டில் பெண்களுள் முதல்வராகப் பெற்ற அப்பொதுப் பட்டத்தை எய்தும் வரை ஆடினார். ஹங்கேரியின் யூதித் போல்கர் 15 வயதிலேயே அடைந்த அவ்வுயரத்தை, எலினா 2010ஆம் ஆண்டில், முப்பது வயதைக் கடந்த பின்னரே அடைந்தார். காலம் தாழ்ந்ததால் அதன் மதிப்புத் தாழவில்லை. உலகில் 2,000 பேருக்குமேல் பெற்றுள்ள இப்பட்டத்தை எய்திய பெண்கள் ஐம்பதின்மருக்கும் குறைவே என்பது குறிப்பிடத்தக்கது.

தனிவெற்றிக்கு இணையாக அணிவெற்றியையும் அவர் போற்றினார். 2003ஆம் ஆண்டில் பல்கேரியாவின் புளோவ்திவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிகளின் போட்டியில், ஆர்மீனியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. எலினாவும் லிலித் மகிர்த்சியானும் அவ்வணியின் தூண்களாக விளங்கினர். ஆர்மீனிய ஆடவர் அணி ஒலிம்பியாடில் முதன்முதலாகத் தங்கம் பெற்றது 2006ஆம் ஆண்டிலேதான். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே ஐரோப்பாவை வென்று காட்டியவர்கள் அந்நாட்டுப் பெண்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

2011ஆம் ஆண்டில் திபிலிசியில் நடைபெற்ற ஐரோப்பியப் பெண்கள் தனிநபர் போட்டியில் எலினா வெண்கலம் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் சதுரங்கமே மாறிப்போனது. கணினியோடு வளர்ந்த புதிய தலைமுறை, அவர் வயதில் பாதியே நிரம்பிய நிலையில் அவர் எதிரே வந்து அமர்ந்தது. பல மணி நேரம் கவனம் சிதறாது அமர்ந்திருக்க வேண்டிய இவ்வாட்டத்தில் வயது ஒரு சுமையே. எனினும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், ருமேனியாவின் யாஷ் நகரில், 11 சுற்றுகள் கொண்ட அதே போட்டியில் அவர் முதலிடம் பெற்று ஐரோப்பிய வாகையர் ஆனார். அப்போது அவருக்கு வயது 43. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

2022ஆம் ஆண்டில் தமிழகத்து மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, ஆர்மீனிய ஆடவர் அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. தம் முதல் இதழை அச்சிட்ட கரைக்கு அருகிலேயே அச்சிறுநாடு மீண்டும் தன் பெயரைப் பொறித்தது எனலாம்.

ஆர்மீனிய அரசு 2011ஆம் ஆண்டு முதல் இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. வாகையர்களை உண்டாக்குவது மட்டுமே அதன் நோக்கமன்று. எண்ணிச் செய்தல், தோல்வியை ஏற்றல், மீண்டும் அமர்ந்து முயலல் ஆகியவற்றைச் சிறுவர் பழகுவதே அதன் பயன். அப்பாடத்துக்கு எழுதப்படாத துணைநூலாக எலினாவின் வாழ்வு நிற்கிறது. வகுப்பில் முதலில் விடை சொல்லும் மாணவனைப் பாராட்டுதல் எளிது. நெடுங்காலம் முயன்று இறுதியில் விடை காணும் மாணவியைக் கைவிடாது காத்திருத்தல் அரிது. அக்காத்திருப்பு வீண்போகாது என்பதற்கு யாஷ் நகரில் பெற்ற அவ்வெற்றி சான்று.