தாகமும் மண்ணும்

கரிசல் சீமை சினிமாவின் வழியே அகில இந்திய கவனத்துக்குப் போனது, தண்ணீர் இல்லாத ஒரு ஊராகத்தான். கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தை கே. பாலசந்தர் 1981இல் 'தண்ணீர் தண்ணீர்' என்று படமாக்கினார். கோவில்பட்டிப் பக்கத்துக் கற்பனைக் கிராமமான அத்திப்பட்டி. அங்கே தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன், போலீஸ் தேடும் கொலைக்குற்றவாளி. அவனுக்கு இடம் கொடுத்த செவந்தியின் கணவனோ போலீஸ்காரன். மனுக்கள் போகின்றன, பதில் இல்லை. ஊர் தேர்தலைப் புறக்கணிக்கிறது. தானே கால்வாய் வெட்டத் துணிகிறபோது அரசாங்கம் வந்து தடுக்கிறது.

தேசிய விருதுகள் இரண்டு கிடைத்தன: சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை. இரண்டாவது விருது யோசிக்க வைக்கிறது. படத்தின் பலம் பேச்சு. மேடையிலிருந்து இறங்கி வந்த, கூர்மையான, கைதட்டலுக்குக் காத்து நிற்கிற பேச்சு.

சுதந்திரம் ஏமாற்றிவிட்டது என்ற இந்தக் குரல் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தோனேசியாவில் உஸ்மார் இஸ்மாயில் 1954இல் எடுத்த 'லேவாட் ஜாம் மாலம்', விடுதலைப் போரிலிருந்து திரும்பும் ஒருவன் பழைய தோழர்களின் ஊழலைக் கண்டு நிலைகுலைவதைக் காட்டியது. 1955இல் அந்நாட்டின் முதல் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான பரிசை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. செப்பனிடப்பட்ட பிரதி கான் விழாவில் காட்டப்பட்டது 2012இல். ஏமாற்றத்தின் கதைக்கு அங்கும் இங்கும் பரிசு உண்டு என்றாகிறது.

ஆனால் அத்திப்பட்டியில் நான் தேடுவது மண்ணை. கரிசல் வறண்ட மண் அல்ல. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மானாவாரிப் பருத்தியை விளைவிக்கிற மண். குடிக்கத்தான் கிணற்றில் உப்புத் தண்ணீர். வங்கியில் என் கவுன்ட்டருக்குப் பயிர்க்கடன் கேட்டு வருகிறவர் மழையை மில்லிமீட்டரில் சொல்வதில்லை. "ஒரு உழவு மழை" என்கிறார். இந்த அறிவுக்குப் படத்தில் இடமில்லை. அங்கே மண் என்பது வெறும் இல்லாமை. தில்லிக்குப் புரிகிற கரிசல் அதுதானோ என்னவோ.

இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கிடை' வேறு பாதையில் போகிறது. பருத்திக் காட்டை ஆடுகள் மேய்ந்துவிட்டன. யார் மந்தை என்று ஊர் துப்புத் துலக்குகிறது. விசாரணைக்கு அடியில் சாதி தாண்டிய ஒரு காதல் மறைந்து கிடக்கிறது. இங்கே நாடகம் செடியிலிருந்தும் குளம்படியிலிருந்தும் பிறக்கிறது. அம்ஷன் குமார் இதை 'ஒருத்தி' என்ற பெயரில் 2003இல் படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது 'இயற்கை' என்ற கடலோரக் காதல் கதைக்குப் போயிற்று. 'ஒருத்தி'யைப் பார்த்தவர்களை எங்கள் ஊரிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.