பாட்டும் பந்தியும்: தென்காசிச் சீமையில் லுத்தரன் இறையியலின் தடம்

திருவேங்கடம், சங்கரன்கோவில், சுரண்டை, தென்காசி வட்டாரத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அது 1947இல் உருவாகும் முன்பிருந்த தங்கள் சபையை ஆங்கிலிக்கன் என்றே சொல்வார்கள். நிர்வாகத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வீட்டில் மாலை ஜெபம் எப்படி நடக்கிறது, பிள்ளை எதை மனப்பாடம் செய்கிறது, ஆராதனையில் எதைப் பாடுகிறார்கள் என்று பார்த்தால் வேறொரு அடித்தளம் தெரிகிறது. அது தரங்கம்பாடி வழியாக வந்த லுத்தரன் அடித்தளம். அந்த மரபு தென்காசியும் அடங்கிய நெல்லைச் சீமைக்குத் தந்த பெரிய நன்மையும் பெரிய சங்கடமும் ஒரே கோட்பாட்டிலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை அவர் தமிழாக்கினார். 1713இல் அங்கே தமிழ் அச்சு தொடங்கியபோது முதலில் அச்சேறியவற்றுள் அதுவும் ஒன்று. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றைக் கேள்வி பதிலாகச் சொல்லும் அந்தச் சிறுநூலை லுத்தர் குருமாருக்காக மட்டும் எழுதவில்லை. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதினார். மனிதன் தன் புண்ணியத்தால் அல்ல, கிருபையால் விசுவாசத்தைக் கொண்டே நீதிமானாகிறான் என்ற போதனை இப்படித்தான் குடும்ப ஜெபமாக வீட்டுக்குள் வந்தது. குருவானவர் எப்போதாவது வந்துபோகும் கிராமத்தில் உபதேசியாரும் பெற்றோருமே சபையைத் தாங்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

நெல்லையில் இந்த மரபின் தொடக்கம் 1778. தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், குளோரிந்தா என்ற பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அம்மையாரின் முயற்சியில் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. தமிழ் உபதேசியார் சத்தியநாதன் 1790இல் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய மிஷனரி ஜேனிக்கே வந்தார். இவர்களுக்குப் பணம் தந்தது இங்கிலாந்துச் சங்கம் ஒன்று. இவர்கள் போதித்ததோ ஜெர்மானிய ஞானோபதேசம்.

அதே சுவார்ட்ஸ், நெல்லையில் 1774இல் பிறந்த ஒரு சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அவரே வேதநாயக சாஸ்திரியார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய நூல். குற்றாலத்தை அடுத்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி குற்றாலநாதரை நினைத்து உருகுவாள்; மலைக்குறத்தி வந்து குறி சொல்வாள்; சிங்கன் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டார். தலைவி சீயோன் குமாரத்தி, தலைவர் பெத்லகேம் நாதர். பறவை பிடிப்பது ஆத்துமாக்களைச் சேர்க்கும் ஊழியமாகிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், குறி சொல்லும் குறத்திக்கு அவர் வைத்த பெயர் விசுவாசம். தலைவி தன் தவத்தால் நாதரை அடைவதில்லை. விசுவாசம் அவளைத் தேடி வந்து நற்செய்தி சொல்கிறது. லுத்தரன் இறையியலின் மையத்தை இதைவிடத் தமிழாக யாரும் சொல்லிவிடவில்லை என்பது என் துணிபு.

ஒரு சிற்றிலக்கியத்தை இப்படிக் கூசாமல் கையாளும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பகுதி, சபை ஒருமைப்பாட்டுக்கு நற்செய்தியும் திருவருட்சாதனங்களும் போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒன்றாயிருக்கத் தேவையில்லை என்கிறது. வேதம் கட்டளையிடாததும் தடுக்காததுமான காரியங்களில் அந்தந்த நாட்டுச் சபைக்குச் சுதந்திரம் உண்டு. ராகமும் தாளமும் பூமாலையும் அந்த வகைக்குள் வந்துவிடும்.

சாதியும் அந்த வகைக்குள் வருமா? இங்கேதான் சிக்கல் தொடங்கியது. 1820களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிகளை எதிர்த்துச் சாஸ்திரியார் நான்கு குறைகளை எழுதினார்: பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள், விசேஷங்களில் பூமாலையைத் தடுக்கிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள். நான்கையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். அவருக்கு எல்லாமே நாட்டு வழக்கம்.

அவர் கண்டித்த வேதத் திருத்தத்தில் முன்நின்றவர் ரேனியஸ். இவரும் பிரஷ்யாவிலிருந்து வந்த லுத்தரன், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் ஊழியராக 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். இன்று ஊசிக்கோபுரம் என்று வழங்கும் தூய திரித்துவ ஆலயத்தை 1826இல் எழுப்பினார். மாணவர் விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். குருப்பட்டம் கொடுப்பதிலும் சபை ஒழுங்கிலும் ஆங்கிலிக்கன் முறையை அவர் கேள்வி கேட்டது பிளவில் முடிந்தது. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. சபைகள் கூப்பிட்டதால் திரும்பிவந்து தனித்து ஊழியம் செய்து 1838இல் மறைந்தார். அதன்பின் சபைகள் மீண்டும் சி.எம்.எஸ். கீழ் வந்தன. லுத்தரன் பெயர் மறைந்தது. உபதேசியார், கிராமப் பள்ளி, வீட்டு ஜெபம் என்ற ஏற்பாடு நின்றது. 1854இல் சி.எம்.எஸ். மிஷனரி ராக்லண்டு சிவகாசி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கூடாரமடித்துப் பிரசங்கித்தபோது, தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அவருக்குத் துணையாக அனுப்பின.

தஞ்சைப் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. சாதிப் பாகுபாட்டைச் சபையிலிருந்து நீக்கவேண்டுமென்று ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவிட்டார். மனம் கசந்த பலர் பின்னர் லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைக்குப் போனார்கள். அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுமை காட்டினார். சுதந்திரக் கோட்பாடு இங்கே ஒரு கொடுமைக்குக் குடை பிடித்தது.

லுத்தரன் மரபிலேயே இதற்கு மறுப்பு இருந்தது. 1577ஆம் ஆண்டின் ஒப்புரவு வாய்பாட்டின் பத்தாம் பகுதி, விசுவாச அறிக்கையே கேள்விக்குள்ளாகும் வேளையில் சாதாரண வழக்கம் சாதாரணமாக இருப்பதில்லை, அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறது. புண்ணியத்தால் யாரும் மேலானவரல்ல என்று கற்பிக்கும் சபையில் பிறப்பால் மேலானவர் தனியாகத் திருவிருந்து பெறுவது அந்தப் போதனையையே மறுப்பதாகும். பூமாலை அப்படி எதையும் மறுப்பதில்லை. ஆகவே பாட்டிலும் பூவிலும் சாஸ்திரியார் சரி. பந்தியில் ரேனியஸ் சரி.

பாட்டில் சாஸ்திரியார் வென்றுவிட்டார். மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு அவர் பாடல்களைச் சபை பேதமின்றித் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனது. இன்று ஜெர்மானிய மெட்டு ஞானப்பாட்டும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் ஒலிக்கின்றன. பந்தியில் ரேனியஸ் வென்றது பாதிதான். திருவிருந்தில் எல்லாரும் ஒன்றாக முழங்காலிடுகிறார்கள். கல்யாணப் பேச்சில் சாதி கேட்கிறார்கள். திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசம் கற்பிக்கும் ஆயர்மாரும் உபதேசியார்களும், சாஸ்திரியாரின் கீர்த்தனையோடு பாளையங்கோட்டை விடுதியின் பொது அடுப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.