டிபோநெகோரோவின் கெரிஸ் இதுதானா?

போன வாரம் ஒரு நேயர் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அவரோட தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த கெரிஸ். மரப் பிடி, மர உறை. "ப்ரோ, இது எந்த ஊருது, எத்தனை வருஷப் பழசு? பார்த்த ஒருத்தர் 500 வருஷம்னு சொல்றார்." நான் கோட் எழுதுற ஆள், கத்தி நிபுணர் இல்லை. ஆனா கேள்வி விடலை. நாலு நாள் ராத்திரி இதையே படிச்சேன்.

முதல்ல ஒரு சிக்கல். கெரிஸ் ஒரே பொருள் இல்லை. கத்தி, பிடி, உறை மூணும் தனித்தனியா கழட்டி மாட்டக்கூடியவை. உறை உடைஞ்சா புதுசு செய்வாங்க, பிடி பிடிக்கலைன்னா மாத்துவாங்க. கத்தியின் அடியில குறுக்கா ஒரு இரும்புத் துண்டு இருக்கும், அதுக்குப் பேர் கஞ்ஜா (சிரிக்காதீங்க, ஜாவாவில நிஜமாவே அதான் பேர்). பல கத்திகள்ல அதுவும் தனித்துண்டுதான். அதனால உறையைப் பார்த்து ஊரைச் சொன்னா, அது உறையோட ஊர். கத்தி வேற எங்கயோ பிறந்திருக்கலாம்.

சரி, கத்தியையே பார்ப்போம். ஜாவாவில இதுக்கு 'தங்குஹ்'னு ஒரு முறை இருக்கு. இரும்பின் நிறம், அதில் ஓடுற பமோர் கோலம், நெளிவின் வடிவம் எல்லாம் பார்த்து, "இது மஜாபாஹித் காலம், இது மாத்தாராம்"னு சொல்வாங்க. ரொம்ப நுட்பமான கண் வேணும். ஆனா எனக்குப் பட்டது, இது பாணியைச் சொல்ற முறை, தேதி போடுற முறை இல்லை. பழைய பாணியைப் பின்னாடி வந்த கொல்லரும் செய்யலாமே? இன்னொண்ணு, சுரோ மாசத்துல கெரிஸ்களை எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக்கும் வச்சுக் கழுவுற வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரும்பு கரையும். நிறைய தடவை கழுவின கத்தி, வயசுக்கு மீறி கிழவனாத் தெரியும். ஆண்டு பொறிச்ச கத்தி ரொம்ப அபூர்வம். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற 'க்னாவுட்' கெரிஸில் சக 1264, அதாவது கி.பி. 1342 இருக்கு. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அப்போ வேற என்ன வழி? காகிதம். இதுக்கு நல்ல உதாரணம் இளவரசர் டிபோநெகோரோ. டச்சுக்காரர்களை எதிர்த்து 1825 முதல் 1830 வரை ஜாவாப் போரை நடத்தியவர். சுமார் 2 லட்சம் ஜாவாக்காரர்கள் செத்தாங்க. 1830 மார்ச் 28-ம் தேதி மகெலாங்கில் பேச்சுவார்த்தைக்கு வந்தவரைக் கைது பண்ணினாங்க. அவரோட ஒரு கெரிஸ் கர்னல் கிளீரன்ஸ் கைக்குப் போய், 1831-ல் மன்னர் முதலாம் வில்லெமுக்குப் பரிசாச்சு. அரச அபூர்வப் பொருள் காட்சிக்கூடத்தில் இருந்தது. 1883-ல் அது மூடப்பட்டப்போ பொருட்கள் பிரிஞ்சு போச்சு. கெரிஸ் லைடன் அருங்காட்சியகத்துக்கு வந்தது. கூட்டத்தில் எந்தக் கத்தி அதுன்னு மட்டும் யாருக்கும் தெரியலை. 1970-களில் டிபோநெகோரோவின் சேணமும் ஈட்டியும் ஜகார்த்தாவுக்குத் திரும்பினப்போகூட கெரிஸ் போகலை.

கடைசில உதவினது ஒரு கடிதம். டிபோநெகோரோவின் தளபதி செந்தோட், அவர் கிளீரன்ஸுக்குக் கெரிஸ் கொடுத்ததைத் தன் கண்ணால பார்த்ததா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் ஓரத்தில், அப்போ நெதர்லாந்தில் இருந்த ஓவியர் ராடென் சாலே கைப்பட ஒரு குறிப்பு எழுதினார். கெரிஸின் பேர் 'நாக சிலுமான்', அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு. பழைய ஆவணங்களோட பொருத்திப் பார்த்து, 2020 மார்ச்சில் கெரிஸை இந்தோனேசியாவிடம் ஒப்படைச்சாங்க.

அடுத்த நாளே சண்டை. ஜாவாவின் கெரிஸ் ஆர்வலர்கள் படத்தைப் பார்த்துட்டு, "இது நாக சிலுமான் இல்லையே!"ன்னாங்க. அந்த வகையில் பாம்பின் தலை மட்டும்தான் தெரியும், உடம்பு கத்திக்குள்ள மறைஞ்சுடும். வந்த கத்தியிலோ பாம்பின் உடம்பு முழுசாத் தெரியுது. அது 'நாக சஸ்ரா' வகை. தப்பான கத்தியைக் கொடுத்துட்டாங்களா? ஒரு தேசத்தோட நாயகன் விஷயம், சும்மா இருப்பாங்களா?

எதிர்த்தரப்பின் பதில் எனக்கு உடனே புரிஞ்சது, ஏன்னா தினமும் ஆபீஸ்ல இதே பிரச்சினை. கிளாஸ் பேர் வேற, வேரியபிள் பேர் வேற. கெரிஸ் வகைக்கு ஒரு பேர், குறிப்பிட்ட ஒரு கெரிஸுக்கு 'கியாய்'னு மரியாதையோட இடுற சொந்தப் பேர் இன்னொண்ணு. கருப்பா இருக்கிற பையனுக்கு வெள்ளைச்சாமின்னு பேர் வைக்கறதில்லையா? நான் ஆவணத்தின் பக்கம்தான். ஆனாலும் ஆர்வலர்களோட சந்தேகத்தை மதிக்கிறேன். கத்தியை உத்துப் பார்த்துக் கேட்டது அவங்கதான்.

பினாங்கு தாத்தாவின் பேரனே, உறையோட எடுத்த போட்டோ போதாது. கத்தியை வெளிய எடுத்து ரெண்டு பக்கமும், கஞ்ஜா பக்கத்தில் ஒரு குளோசப்பும் அனுப்புங்க. தாத்தா எழுதின கடிதம், கப்பல் டிக்கெட், பழைய குடும்பப் போட்டோ ஏதாவது பெட்டியில இருக்கான்னு பாட்டிகிட்ட கேளுங்க. அதுவரைக்கும், தயவுசெய்து எலுமிச்சம்பழத்தைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க.