சி-கிட்: போர்டை நம்பிய கதை

மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை மறுபடி வளராது. காலங்காலமாக மருத்துவ மாணவர்கள் படித்த பாடம் இது. 2001-ல் இந்தப் பாடத்தையே மாற்ற வந்தது ஒரு புரதம். பெயர் சி-கிட்.

ஸ்டெம் செல்லைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்ல முடியாது. செல்லின் மேலே இருக்கும் சில புரதங்களுக்குச் சாயம் ஏற்றித்தான் தேடுவார்கள். இவைதான் மார்க்கர்கள். கடை வாசலில் மாட்டிய போர்டு மாதிரி! எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களுக்கு சி-கிட் அப்படி ஒரு போர்டு.

பியெரோ அன்வெர்சா என்ற இத்தாலிய விஞ்ஞானி அப்போது நியூயார்க் மாநிலத்தில் இருந்தார். மாரடைப்பு வந்த எலிகளுக்கு சி-கிட் உள்ள மஜ்ஜை செல்களைச் செலுத்தினால் புதுத் தசை வளர்கிறது என்று அவரது குழு 2001-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. இதயத்துக்குள்ளேயே இந்த ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்று 2003-ல் அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் 2004-லேயே, மஜ்ஜை செல்கள் இதயத் தசையாக மாறவில்லை என்று இரண்டு குழுக்கள் அதே 'நேச்சரில்' எழுதிவிட்டன. வேகம் குறையவில்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில், பைபாஸ் ஆபரேஷனின்போது எடுத்த இதயத் துணுக்கிலிருந்து சி-கிட் செல்களைப் பிரித்து வளர்த்து, அதே நோயாளிகளுக்கு கொரோனரி தமனி வழியாகச் செலுத்தினார்கள். 2011-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவுகள் பிரமாதமாக இருந்தன.

போர்டு சரி, கடைக்குள் என்ன இருக்கிறது? 2014-ல் சின்சினாட்டியைச் சேர்ந்த மோல்கென்டின் குழு சி-கிட் செல்களை மரபணு முறையில் குறியிட்டு எலிகளில் பின்தொடர்ந்தது. அவை பெரும்பாலும் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களாகத்தான் மாறின. இதயத் தசையானவை மிக மிகச் சொற்பம்.

அதுமட்டுமா? அலர்ஜியை உண்டாக்கும் மாஸ்ட் செல்லுக்கும் இதே சி-கிட் போர்டுதான். அடைப்பு வெடித்த கொரோனரி தமனிகளில் மாஸ்ட் செல்கள் கூடியிருப்பதை ஹெல்சிங்கியில் கோவனென் குழு 1995-லேயே காட்டியிருந்தது. ஆக, நோயுற்ற தமனியில் சி-கிட் தெரிந்தால் அது குணப்படுத்த வந்த செல்லாகத்தான் இருக்கும் என்பதில்லை. வீக்கத்தைக் கூட்டும் செல்லாகவும் இருக்கலாம்!

2018-ல், அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் பொய்யான அல்லது ஜோடித்த தரவுகள் உள்ளன, அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் அதன் பிரிகாம் மருத்துவமனையும் சொல்லின. லூயிவில் கட்டுரையை 'லான்செட்' 2019-ல் திரும்பப் பெற்றது.

கட்டுரையைத் திரும்பப் பெறலாம். நம்பித் தங்கள் இதயத்தையே கொடுத்த நோயாளிகளுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?