வெள்ளித்திரையில் விண்வெளிப் பயணம்

1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஒரு சில திரையரங்குகளில் ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் படம் திரையிடப்பட்டது. சில திங்களுக்குள் அப்படத்தின் புகழ் உலகெங்கும் பரவிற்று. அதன் கதை பின்னர் ஒன்பது படங்களாக விரிந்து, 2019ஆம் ஆண்டில்தான் நிறைவெய்தியது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் நீண்ட இக்கதையைக் கண்டு களித்த இளைஞர் பலர், விண்வெளிக் காவியம் என்பதே அப்படத்தோடுதான் பிறந்தது என எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் முன்னரே அம்மரபு தோன்றிவிட்டது. அம்மரபின் சிறந்த படங்களை வரிசையாகக் காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். விண்கலங்களின் வடிவம் காலந்தோறும் மாறிற்று. படங்கள் எழுப்பிய வினா மட்டும் மாறவில்லை. அறிவால் விண்ணை எட்டிய மனிதன் அறத்தால் எவ்வளவு உயர்ந்தான் என்பதே அவ்வினா.

நிலவைக் கண்ட மாயவித்தகர்

இம்மரபின் முதல்வர் பிரெஞ்சு நாட்டினரான ஜார்ஜ் மெலியே. பாரிசு நகரில் மாயவித்தை அரங்கம் ஒன்றை நடத்தி வந்த அவர், 1895ஆம் ஆண்டு டிசம்பரில் லூமியேர் உடன்பிறந்தார் காட்டிய அசையும் படங்களைக் கண்டு வியந்து, தாமும் படமெடுக்கத் தலைப்பட்டார். 1902ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய ‘நிலவுக்கு ஒரு பயணம்’ ஏறத்தாழ 14 நிமிடமே ஓடக்கூடியது. ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ் ஆகியோரின் புதினங்கள் அதற்குத் தூண்டுகோலாயின. பீரங்கியிலிருந்து எய்யப்பட்ட குண்டு நிலவின் கண்ணிலே சென்று தைக்கும் காட்சியை இன்றும் உலகம் மறக்கவில்லை.

நகைச்சுவைப் படமாயினும் அதனுள் ஒரு முள் இருந்தது. நிலவில் இறங்கிய வானியல் அறிஞர்கள், அங்கு வாழ்வோரைக் கண்டதும் குடையால் அடிக்கின்றனர். அடியுண்டோர் புகையாய் மறைகின்றனர். மண்ணுலகு மீளும்போது கலத்தைப் பற்றிக்கொண்டு வந்துவிட்ட நிலவு மாந்தன் ஒருவனைச் சிறைப்பிடித்து, ஊரார் முன் காட்சிப் பொருளாக்கிக் களிக்கின்றனர். ஐரோப்பிய அரசுகள் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைப் பங்கிட்டு ஆண்ட காலத்தில் வெளிவந்த படம் இஃது என்பதை நினைவிற் கொண்டால், அச்சிரிப்பின் பொருள் விளங்கும்.

மெலியேயின் பிற்கால வாழ்வு இரங்கத்தக்கது. முதல் உலகப்போர்க் காலத்தில் அவருடைய படச்சுருள்கள் பல உருக்கப்பட்டு, படைவீரர் காலணிகளுக்குக் குதிகால் செய்யப் பயன்பட்டன. 1923ஆம் ஆண்டில், மனமுடைந்த நிலையில், தம்மிடம் எஞ்சியிருந்த மூலச்சுருள்களைத் தாமே தீயிலிட்டார். நிலவைத் திரைக்குக் கொணர்ந்த அக்கலைஞர், பின்னர் பாரிசு இரயில் நிலையமொன்றில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார். கையால் வண்ணந்தீட்டப்பட்ட அவர் படத்தின் படியொன்று 1993ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் கிடைத்தது. பல்லாண்டு உழைப்பிற்குப் பின் அது சீர்செய்யப்பெற்று, 2011ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவில் மீண்டும் ஒளிர்ந்தது.

கனவும் படைக்கலமும்

கற்பனையோடு அறிவியலை முதன்முதலில் முறையாக இணைத்த படங்களுள் தலையாயது, 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த ‘நிலவில் பெண்’ என்னும் பேசாப் படமாகும். இதனை இயக்கியவர் பிரிட்ஸ் லாங். கதை எழுதியவர் தியா வான் ஹார்பூ. ஏவூர்தி அறிவியலின் முன்னோடியான ஹெர்மன் ஓபெர்த் இப்படத்திற்கு ஆலோசகராக விளங்கினார். பல அடுக்குகளைக் கொண்ட ஏவூர்தி, புறப்படும் வேகத்தைத் தாங்கப் பயணிகள் படுத்திருத்தல், எடையற்ற நிலையில் காலை மாட்டிக்கொள்ள வார்கள் ஆகிய அனைத்தும் இப்படத்தில் உள்ளன. ஏவுமுன் எண்களை இறங்கு வரிசையில் எண்ணும் வழக்கத்தை உலகறியச் செய்ததும் இப்படமே. இதன் கதையோ பேராசை பற்றியது. நிலவிலுள்ள பொன்னைக் கைப்பற்றச் செல்வர் கூட்டமொன்று சூழ்ச்சி செய்கிறது. பொன்னைக் கண்டறிந்த பேராசிரியரும் பொன்னோடே பள்ளத்தில் வீழ்ந்து மாய்கிறார்.

படத்திற்கு வெளியே நிகழ்ந்ததோ அதனினும் கொடிது. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் இப்படத்தைப் புழக்கத்திலிருந்து நீக்கினர். தங்கள் ஏவூர்தி ஆய்வின் மறைபொருளை அது வெளிப்படுத்திவிடும் என அவர்கள் அஞ்சினர். 1942ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பீனமுண்டே தளத்திலிருந்து வெற்றியோடு எழுந்த வி-2 ஏவூர்தியின் மேல், இப்படத்தின் சின்னமே வரையப்பட்டிருந்தது. 1944ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அத்தகைய ஏவூர்திகள் இலண்டன் மாநகர் மீது வீழ்ந்து மக்களைக் கொன்றன. அவற்றைச் செய்யும் பணியில் அடிமைகளாய் வதைபட்டு மாண்ட கைதிகளும் ஆயிரக்கணக்கானோர். ஓபெர்த்தின் இளந்துணைவராய்த் தொடங்கி அப்படைக்கலத்தை உருவாக்கிய வெர்னர் வான் பிரவுன், போருக்குப்பின் அமெரிக்கா சென்று சாட்டர்ன்-5 ஏவூர்தியின் ஆக்கத்திற்குத் தலைமை தாங்கினார். 1969ஆம் ஆண்டு ஜூலையில் மனிதன் நிலவில் கால்வைத்தது அதன் ஆற்றலால்தான். ஒரே அறிவு கொல்லவும் பயன்பட்டது, உயர்த்தவும் பயன்பட்டது. திரைப்படம் கேட்ட வினாவை வரலாறே மீண்டும் கேட்டது.

சிறுவர் தொடரும் சிந்தனைப் படமும்

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘பிளாஷ் கோர்டன்’ என்னும் படம் 13 பகுதிகளாக, வாரம் ஒன்றாகத் திரையிடப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் தலைவன் பேரிடரில் சிக்கும் இடத்தில் நின்றுவிடும். அடுத்த வாரம் வரை சிறுவர் நெஞ்சம் துடித்திருக்கும். கொடுங்கோலன் மிங், அவனை எதிர்க்கும் வீரன், வேற்றுக்கோளின் விந்தை மாந்தர் எனப் பின்னாளைய காவியத்தின் உறுப்புகள் பலவும் இதில் காணப்படும்.

அத்துறை முதிர்ச்சி பெற்றதைக் காட்டுவது 1956ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பார்பிடன் பிளானட்’. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தின் சாயல் கொண்ட கதை இது. நினைத்ததை நினைத்தவாறே ஆக்கித்தரும் பேரியந்திரத்தைப் படைத்த ஓர் இனம், தன் உள்ளத்தின் அடியில் உறங்கிக் கிடந்த வெறுப்பும் அவ்வாறே உருப்பெற்று எழுந்தமையால் ஒரே இரவில் அழிந்துபோகிறது. இயந்திரத்தில் குறையில்லை, இயக்கிய உள்ளத்தில்தான் குறை.

1968ஆம் ஆண்டில் ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ இத்துறையின் கொடுமுடி எனத்தகும். இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதன் திரைக்கதையில் பங்கு கொண்டார். படத்தின் தொடக்கத்தில் மனிதக் குரங்கொன்று எலும்பைக் கருவியாக்கக் கற்கிறது. அக்கருவியால் தன்னினத்தையே கொல்கிறது. வெற்றிக் களிப்பில் அது வானில் எறிந்த எலும்பு, அடுத்த நொடியில் விண்கலமாகிறது. பல இலட்சம் ஆண்டுகளின் வரலாறு ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. பின்னர் ‘ஹால்’ என்னும் கணிப்பொறி தன்னை நம்பிய பயணிகளையே கொல்லும்போது, அந்த எலும்பு இன்னும் மனிதன் கையை விட்டு நீங்கவில்லை என்பதை உணர்கிறோம். 1972ஆம் ஆண்டில் சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி படைத்த ‘சொலாரிஸ்’ மற்றொரு வழியில் செல்கிறது. வேற்றுக்கோளை ஆராயச் சென்றவன் முன், அவனால் துயருற்று மாண்ட மனைவியின் உருவம் வந்து நிற்கிறது. எத்தனை தொலைவு சென்றாலும் மனச்சான்று உடன்வரும் என்பது அப்படத்தின் கருத்து.

காவியம் உருப்பெறல்

‘ஸ்டார் வார்ஸ்’ படைத்த ஜார்ஜ் லூக்காஸ், இளமையில் தொலைக்காட்சியில் ‘பிளாஷ் கோர்டன்’ தொடரைக் கண்டு வளர்ந்தவர். அக்கதையையே மீண்டும் படமாக்க விரும்பினார், உரிமை கிடைக்கவில்லை. ஆகவே தாமே ஒரு கதை புனைந்தார். அதிகாரமற்ற எளியோர் இருவரின் கண்வழியே பெருங்கதையைச் சொல்லும் முறையை, ஜப்பானியர் அகிரா குரோசாவா 1958ஆம் ஆண்டில் எடுத்த ‘மறைந்த கோட்டை’ என்னும் படத்திலிருந்து கற்றார். அங்கு உழவர் இருவர். இங்கு எந்திர மனிதர் இருவர்.

ஒரு கோளையே நொடியில் பொடியாக்கும் படைக்கலம் அக்கதையின் நடுவே நிற்கிறது. எலும்பின் கதையும் வி-2 ஏவூர்தியின் கதையும் ஈண்டு மீண்டும் ஒலிக்கின்றன. 1983ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் படத்தில் இளைஞன் லூக், வீழ்த்தப்பட்டுக் கிடக்கும் தன் தந்தையைக் கொல்ல மறுத்து, கையிலிருந்த வாளை எறிந்துவிடுகிறான். மூன்று படங்களிலும் நடந்த போர்கள் அனைத்தினும் பெரிய வெற்றி அந்த மறுப்பே. குடையால் அடித்த அறிஞர்களில் தொடங்கிய மரபு, படைக்கலத்தைத் துறந்த இளைஞனிடத்தே தன் விடையைக் கண்டது எனலாம்.

இம்மரபு இன்றும் ஓய்ந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்திற்கு இயற்பியல் அறிஞர் கிப் தோர்ன் துணைநின்றார். அவர் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். ஓபெர்த் தொடங்கிய பணி தொடர்கிறது. பயிர்கள் நோயுற்று அழியும் மண்ணுலகை விட்டு, மாந்தர் புதுவீடு தேடிச் செல்வதே அக்கதை.

விண்வெளிக் கதைகளில் ஆர்வமுடைய மாணவர், ‘ஸ்டார் வார்ஸ்’ கண்டபின் இப்படங்களை அவை பிறந்த ஆண்டு முறைப்படி காண்பது நலம். ‘2001’, ‘சொலாரிஸ்’ இரண்டும் பொறுமை வேண்டுவன. சிறுவர்க்கு அவை பின்னர் ஆகட்டும். ஆசிரியர் உடனிருந்து, ஒவ்வொரு படம் முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் போதும்: இவர்கள் கையில் கிடைத்த ஆற்றலை என்ன செய்தார்கள்? அக்கேள்விக்கு விடை தேடப் பழகிய மாணவன், நாளை ஆய்வுக்கூடத்திலோ ஆட்சிப் பீடத்திலோ அமரும்போது, அதனைத் தன்னை நோக்கியும் கேட்டுக்கொள்வான்.